ஆள் கிளம்பிவிட்டார்

அன்பும், எதையும் கடைசிவரை படித்துவிடும் பொறுமையும் உள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நீ, உன் வீட்டுக்காரி, உன் முதுகுவலி, மூவரும் சௌக்கியம்தானே? நம் வீட்டு மாடியில் குடியிருப்பவர் இப்போதாவது தண்ணீர் மோட்டாரை நேரத்துக்கு நிறுத்துகிறாரா? இங்கே உன் அக்கா நலம். ரொம்ப நலம். இந்தக் கடிதத்துக்கு அதுதான் காரணம். போனில் சொல்லித் தொலைக்கலாமே என்று கேட்பாய். எங்கள் இருவருக்கும் இருப்பது ஒரே செல்போன். அது இருப்பது உன் அக்காவின் கைப்பையில். கைப்பை இருப்பது தீயணைப்பு வண்டியின் முன் சீட்டில். அது எப்படி அங்கே போயிற்று என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்.

ஓய்வு பெற்ற பிறகு வெளிநாட்டில் போய் நிம்மதியாக இருக்கலாம் என்று ஆசைப்பட்டவன் நான்தான், மறுக்கவில்லை. "எனக்கு இந்த வீடே போதும், நான் எங்கயும் வரல" என்று அழுதவள் உன் அக்கா. அன்றைக்கு என் பக்கம் நின்று அவளை விமானம் ஏற்றியவன் நீ. ஆகவே இதில் உனக்கும் பங்கு உண்டு, கையை உதறிவிட்டுப் போய்விடாதே. ஏஜென்ட் காட்டிய படத்தில் செங்கல் கட்டடம், பெரிய பெரிய சிவப்புக் கதவுகள், பக்கத்தில் ஒரு கோபுரம். கோபுரம் எதற்கு என்று கேட்டேன். "காத்தோட்டத்துக்கு சார்" என்றான் படுபாவி. வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அது ஈரக் குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்துகிற கோபுரம், இது பழைய தீயணைப்பு நிலையம். நகராட்சிக்காரர்கள் ஊரின் மறுகோடியில் புது நிலையம் கட்டிக்கொண்டு இதைக் கைகழுவிவிட்டார்கள். இவன் வாங்கி, அறைக்கு ஒரு கட்டில் போட்டு, வாசலில் 'ஓய்வு இல்லம்' என்று ஒரு பலகையை மாட்டி, எங்கள் தலையில் கட்டிவிட்டான். ஓடாத தீயணைப்பு வண்டி ஒன்றும் கீழே கிடந்தது. அதை அப்புறப்படுத்த அவனுக்குச் சோம்பல்.

இல்லத்தில் மொத்தம் ஐந்து பேர், எல்லாரும் நம் ஆட்கள், எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். நாங்கள் இருவர் போக, ஒரு தலைமை ஆசிரியை, ஒரு பல் டாக்டர், ஒரு மேஜர். மேஜர் என்றால் ராணுவம் என்று நினைத்துவிடாதே, மீசையைப் பார்த்து வைத்த பெயர் அது. சினிமா தியேட்டரில் டார்ச் அடித்து ஜனங்களை சீட்டில் உட்காரவைத்துக்கொண்டிருந்தவர். இன்னும் டார்ச்சைக் கீழே வைக்கவில்லை. சாப்பாட்டு மேசைக்கு யார் வந்தாலும் பட்டப்பகலில் காலடியில் வெளிச்சம் அடித்து, "உள்ளே தள்ளி உக்காருங்க, உள்ளே தள்ளி" என்பார். நானும் தள்ளித் தள்ளி உட்கார்ந்து ஒரு நாள் பெஞ்சின் மறுமுனையிலிருந்து விழுந்தேன்.

அந்த சாப்பாட்டு மேசைக்குப் போய்ச் சேருவதே பெரும்பாடு, மாப்பிளே. படுக்கை அறைகள் மாடியில், சமையலறை கீழே, நடுவில் படிக்கட்டு கிடையாது. மாடித் தரையின் நடுவே வட்டமாக ஒரு ஓட்டை, ஓட்டை வழியாகக் கீழே இறங்குகிற ஒரு பித்தளைக் கம்பம். அவ்வளவுதான். பயந்த சுபாவம் உள்ளவர்களுக்கு என்று கட்டடத்துக்கு வெளியே, கொல்லைப்புறமாகச் சுற்றிக்கொண்டு ஒரு இரும்புப் படி இருக்கிறது. முதல் நாள் காலையில் நாங்கள் எல்லாரும் அந்த ஓட்டையைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். தலைமை ஆசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகி, "தைரியம் இல்லாதவங்க படியில வாங்க, காப்பி ஆறிப்போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு, கம்பத்தைக் கட்டிப் பிடித்து மறைந்துவிட்டார். பதறாதே, கீழே போய்விட்டார் என்று சொல்கிறேன். அடுத்தது டாக்டர், அடுத்தது மேஜர், அதற்கடுத்தது, நான் கையைப் பிடிப்பதற்குள், உன் அக்கா. கீழிருந்து அவள் சிரித்த சிரிப்பை நான் கல்யாணமான புதிதில்கூடக் கேட்டதில்லை. நான் படியில் போனேன். அன்றிலிருந்து இன்றுவரை நான் குடிப்பது ஆறிப்போன காப்பி.

இங்கே பேசுகிற மொழி நமக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. நூலகத்தில் ஒரு பெண் வாரம் ஒருமுறை வகுப்பு எடுக்கிறாள். "உங்களுக்கு வாழ்க்கையில் மிகவும் பயன்பட்ட மூன்று வாக்கியங்களைச் சொல்லுங்கள், முதலில் அதைக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றாள். உன் அக்கா, "எப்படி இருக்கீங்க, உள்ளே வரலாமா, நான் பாத்துக்கறேன்" என்ற மூன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். நான் யார்? மின்சாரப் புகார்ப் பிரிவில் போன் எடுத்தே தலை நரைத்தவன். கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: "புகார் பதிவாகிவிட்டது. ஆள் கிளம்பிவிட்டார். கவலைப்படாதீர்கள்." அந்த மூன்றையும் அந்த மொழியில் மழமழவென்று பேசப் பழகிவிட்டேன். உச்சரிப்பு பிரமாதம் என்று அந்தப் பெண்ணே கைதட்டினாள். நாலாவது வாக்கியம் என் தலையில் ஏறவில்லை.

பிரச்சினை மாடிக் கூடத்துச் சுவரில் இருந்தது. சிவப்பாக ஒரு பழைய டெலிபோன். ஏஜென்ட் இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டான். புது நிலையத்துக்குப் புது எண் வந்துவிட்டாலும், இந்தப் பேட்டையில் இருக்கிற கிழடுகள் எல்லாம் பழைய எண்ணைத்தான் சமையலறைச் சுவரில் எழுதி வைத்திருக்கின்றன. வீடு பற்றி எரிந்தால் புது எண்ணைக் கூப்பிடுவார்கள், அந்த அறிவு இருக்கிறது. பாட்டில் மூடி திறக்கவில்லை, பல்பு போய்விட்டது, ஜன்னலில் ஏதோ சத்தம் என்றால் பழைய எண். ஒரு நாள் காலையில் அது அலறியது. பக்கத்தில் நான்தான் இருந்தேன். போன் அடித்தால் எடுப்பது என்பது என் ரத்தத்தில் ஊறியது, மாப்பிளே. எடுத்தேன். அந்தப்பக்கம் ஒரு கிழவர் என்னவோ சொன்னார். எனக்குப் புரிந்ததெல்லாம் தெருப் பெயரும் வீட்டு எண்ணும்தான். அது தொழில் பழக்கம், எந்த மொழியிலும் புரிந்துவிடும். பக்கத்திலிருந்த காகிதத்தில் குறித்துக்கொண்டு, என் மூன்று வாக்கியங்களையும் மரியாதையாகச் சொல்லி, போனை வைத்துவிட்டு, போய்ப் படுத்துவிட்டேன். என் உத்தியோகத்தில் அதற்குமேல் நான் செய்ததும் இல்லை, யாரும் எதிர்பார்த்ததும் இல்லை. நம் ஊர் ஜனங்கள் விவரமானவர்கள். ஆள் கிளம்பிவிட்டார் என்றால் ஆள் வரமாட்டார் என்று புரிந்துகொண்டு மெழுகுவத்தி வாங்கக் கடைக்குப் போய்விடுவார்கள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு அந்த விவரம் போதாது. நம்பிவிடுகிறார்கள்! சாயங்காலம் அந்தக் கிழவரே எங்கள் வாசலில் வந்து நின்றார். தலையில் தொப்பி, கழுத்தில் டை, காலில் பளபளவென்று ஷூ, முழங்கால் வரை ஒரு கோட்டு. கோட்டுக்குக் கீழே கால்சட்டை இல்லை. அவர் கையாலும் வாயாலும் சொன்னதைத் தலைமை ஆசிரியைதான் புரிந்துகொண்டு சொன்னார்: காலையிலிருந்து கதவருகே காத்திருந்தாராம், ஆள் வரவில்லையாம், வழியில் அவருக்கு ஏதாவது ஆபத்தோ என்று கவலைப்பட்டு விசாரிக்க வந்தாராம். தலைமை ஆசிரியை என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் மூன்றாம் வகுப்புப் பையனாகி நின்றேன். எல்லாருமாகக் கிளம்பிப் போய்ப் பார்த்தால் அவருடைய அலமாரி இறுகிக்கொண்டுவிட்டது, இருக்கிற கால்சட்டை மொத்தமும் உள்ளே. பல் டாக்டர் சின்னச் சுத்தியலால் கதவை அங்கங்கே தட்டி, "இங்க வலிக்குதா, இங்க வலிக்குதா" என்று அலமாரியிடமே கேட்டுக்கொண்டு போனார். கடைசியில் ஒரு இடத்தில் நிறுத்தி, "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று சொல்லி ஒரே இழு. கதவு கையோடு வந்துவிட்டது. பழக்கதோஷத்தில் இரண்டு மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிடாதே என்றும் அலமாரிக்கு உத்தரவு போட்டார். கிழவர் ஒரு கால்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, எங்கள் கையை ஒவ்வொன்றாகப் பிடித்துக் குலுக்கினார். உன் அக்காவின் கையைக் கொஞ்சம் அதிக நேரம் குலுக்கினார். நான் கவனித்தேன்.

அவ்வளவுதான், பேட்டை முழுக்கப் பரவிவிட்டது. போன் ஓயவில்லை. எடுக்காமல் இருக்க என்னால் முடியாது, எடுத்தால் அந்த மூன்று வாக்கியம் தவிர வேறு சொல்ல எனக்குத் தெரியாது, சொல்லிவிட்டால் யாராவது போயே ஆக வேண்டும். என்ன விஷயம் என்று தெரியாமலே போவோம். கையில் ஏணி, கயிறு, பல் பிடுங்குகிற குறடு, டார்ச், தலைமை ஆசிரியையின் பிரம்பு. தலைமை ஆசிரியை ஒரு சட்டமும் போட்டார்: இந்தப் போனில் தமிழ் கூடாது, பேசுகிறவர் யாராக இருந்தாலும் உள்ளூர் மொழிதான், மீறினால் நூறு தடவை எழுத வேண்டும். டாக்டர் ஒருமுறை "ஹலோ, யாருங்க" என்றதற்கு உட்கார்ந்து நூறு தடவை எழுதினார்.

ஒரு வீட்டில் பியானோவை மாடிக்கு ஏற்றும்போது படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கிக்கொண்டு, அந்தக் குடும்பமே அதன் அடியில் தவழ்ந்து போய்வந்து கொண்டிருந்தது. மேஜர் அதன்மேல் ஏறி உட்கார்ந்து டார்ச் அடித்து "ரைட்டுல இடம் இருக்கு, ரைட்டுல" என்று வழிகாட்டினார். உன் அக்கா, "அந்தப் படிக் கைப்பிடியக் கழட்டுங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்றாள். கழற்றினோம். சரியாகப் போயிற்று, கீழ்நோக்கி. மேஜரையும் சுமந்துகொண்டு படியெல்லாம் இறங்கி, வாசலைத் தாண்டி, தெருச் சரிவில் உருண்டு, ரொட்டிக் கடை வாசலில் போய் நின்றது. மேஜர் டார்ச்சை அணைக்கவே இல்லை. வீட்டுக்காரர் அழுவார் என்று பார்த்தால் உன் அக்காவைக் கட்டிக்கொள்ளாத குறை. பியானோவை மாடிக்கு ஏற்றச் சொன்னது அவர் மாமியாராம். இப்போது அந்த அம்மாள் ரொட்டிக் கடையிலேயே உட்கார்ந்து வாசிக்கிறார், வீட்டில் நிம்மதி.

பியானோ உருண்ட அன்று, வீடு திரும்பியதும் உன் அக்கா நேராக அந்த ஓடாத வண்டிக்குப் போனாள். "எத்தனை நாள் ஏணியத் தோள்ல தூக்கிட்டு நடக்கறது?" என்று ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டி, என்னைக் காலையில் எழுப்புகிற அதே குரலில் "எழுந்திரு" என்றாள். எழுந்துவிட்டது. எனக்கே அந்தக் குரலைக் கேட்டதும் கை கால் எழுந்துவிடும், பாவம் அது என்ன செய்யும். ஓட்டுநர் தேர்வுக்கு இருவரும் போனோம். வாழ்நாள் முழுக்கப் பின்சீட்டில் உட்கார்ந்து நான் ஓட்டியதையெல்லாம் வாயால் ஓட்டியவள் அல்லவா, முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். என்னிடம் தேர்வு அதிகாரி வண்டியை இடதுபுறம் திருப்பச் சொன்னார் போலிருக்கிறது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: "புகார் பதிவாகிவிட்டது. ஆள் கிளம்பிவிட்டார்." மறுபடி சொன்னார். "கவலைப்படாதீர்கள்" என்றேன். அவர் கதவைத் திறந்து இறங்கி நடந்தே போய்விட்டார்.

இதெல்லாம் சிரிப்பாக இருக்கும் உனக்கு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாள் முழுக்க நான் போன் பக்கத்தில், அவள் வண்டியில். நான் குறித்து மாடி ஜன்னல் வழியாகப் போடுகிற விலாசத்தைப் பிடித்துக்கொண்டு பறந்துவிடுகிறாள். தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் அவளுக்குக் கையசைக்கிறான். கால்சட்டைக் கிழவர் தொப்பியையே கழற்றுகிறார். என்னை யாருக்கும் தெரியாது. நான் ஒரு குரல். நான் எண்ணி வந்தது என்ன? இரண்டு சாய்வு நாற்காலி, ஒன்றில் நான், ஒன்றில் அவள், நடுவில் சூடாகக் காப்பி. இங்கே ஒரு நாற்காலிதான் சாய்கிறது.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஊர் திரும்ப இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். இன்னும் மூன்று வாரத்தில், ஒரு சனிக்கிழமை விமானம். போய் அவளிடம் சொன்னேன். வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "போயிட்டு வாங்க" என்றாள். நம் தெருமுனைக் கடைக்குப் போகிறவனிடம் சொல்வதுபோல! "நீ?" என்றேன். "நான் எதுக்கு? அங்க நான் கதவத் தொறக்கறவ. யார் வந்தாலும், நீங்க எந்நேரம் வந்தாலும், போய்க் கதவத் தொறக்கறவ. இங்க நான் போய் நின்னா எனக்குக் கதவத் தொறக்கறாங்க. தொறந்ததும் அவங்க முகத்தப் பாக்கணுமே நீங்க!" என்றாள். வீண் பேச்சு பேசாதே, உனக்கு நான் என்ன குறை வைத்தேன் என்றேன். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டாள். "ஆபீஸ்லேர்ந்து 'கிளம்பிட்டேன், கிளம்பிட்டேன்'னு எனக்கும் அதே பாட்டுதானே பாடினீங்க? தட்டு வெச்சுட்டு எத்தனை நாள் உக்காந்திருப்பேன்? மத்தவங்களாவது மெழுகுவத்தி வாங்கப் போனாங்க, நான் எங்க போறது?" என்கிறாள். இது அநியாயம், மாப்பிளே. கிளம்பிவிட்டேன் என்றுதானே சொன்னேன், வந்துவிட்டேன் என்றா சொன்னேன்? இதைச் சொன்னதும் அவள் துணியை உதறிக்கொண்டு திரும்பிவிட்டாள். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள். கோபித்துக் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

உனக்குச் சொல்வதற்கென்ன வெட்கம்? அவள் இல்லாமல் எனக்கு இருக்கத் தெரியாது. துண்டு எங்கே இருக்கிறது என்பது தெரியாது என்பதற்காகச் சொல்லவில்லை. அதுவும் தெரியாது, வேறு விஷயம். சனிக்கிழமை அந்த விமானத்தில் பக்கத்து சீட் காலியாக இருந்தால் நான் செத்தேன். போகாமல் இங்கேயே இருந்தாலும், இப்படி ஜன்னல் வழியாகக் காகிதம் போட்டுக்கொண்டு எத்தனை காலம்?

ஆகவே உன்னிடம் ஒரு உதவி. இந்தக் கடிதம் கிடைத்ததும் நீ உடனே படுத்த படுக்கையாகிவிட வேண்டும். லீவுக்காக நீ சாகக் கிடக்காத நாள் உண்டா? உன் ஆபீசையே ஏமாற்றியவனுக்கு உன் அக்கா எம்மாத்திரம்? வியாதியை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடு. காய்ச்சல் வேண்டாம், கஷாயம் எப்படி வைப்பது என்று போனில் சொல்லிவிட்டு வண்டி எடுக்கப் போய்விடுவாள். மாரடைப்பு வேண்டாம், உன் வீட்டுக்காரி நிஜமாகவே பயந்துவிடுவாள். டாக்டருக்கே பிடிபடாத ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள். குரல் கம்ம வேண்டும். "அக்கா, உன்னப் பாக்கணும் போல இருக்கு" என்று ஒரே ஒரு தடவை சொல், அதற்குமேல் பேசாதே, உனக்கு நடிப்பு மிகையாகிவிடும். அவள் அலறி அடித்துக்கொண்டு வருவாள். கால் தரையில் பட்டதும் நீ குணமாகலாம். மாடியில் குடியிருப்பவரையும் காலி செய்யச் சொல்லிவிடு, நாங்கள் வந்ததும் மாடியில் காற்றாட இருக்கலாம். சாய்வு நாற்காலிக்குப் புதுத் துணி தைத்து வை. இரண்டுக்கும்.

உன் வீட்டுக்காரியை விசாரித்ததாகச் சொல். உன் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள். உனக்குத் தீர்க்காயுசும், ஒரு வாரத்துக்கு மட்டும் கொஞ்சம் நோயும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன்னையே நம்பியிருக்கும்
அத்தான்.

பின்குறிப்பு: படுத்துவிடாதே! படுத்திருந்தால் உடனே எழுந்திரு. உறையை ஒட்டப் போகிற சமயம் சிவப்புப் போன் அடித்தது. மற்ற மூவரும் ரொட்டிக் கடையில் பியானோ கேட்கப் போயிருந்தார்கள். எடுத்தேன். ஒரு பெண் குரல், கணீரென்று, கொஞ்சம் சிரிப்போடு. தெருப் பெயரும் எண்ணும் சொன்னது. இந்த உறையின் முதுகிலேயே குறித்துக்கொண்டேன், நீயே திருப்பிப் பார். என் மூன்று வாக்கியங்களையும் ஒப்பித்து, போனை வைத்துவிட்டு, உறையை நாக்கில் தடவத் தூக்கினால், மாப்பிளே, நான் எழுதியிருந்தது எங்கள் வாசலின் விலாசம்! உன் அக்கா. கீழே வண்டியில் குழாய் சுற்றுகிற உருளையில் புடவைத் தலைப்பு சிக்கி, நகர முடியாமல், கைக்கு எட்டியது முன் சீட்டுக் கைப்பையிலிருந்த செல்போன் மட்டும் என்று கூப்பிட்டிருக்கிறாள். அந்த நிலையிலும் தலைமை ஆசிரியையின் சட்டத்தை மீறாமல் உள்ளூர் மொழியில்! எனக்கு அவள் குரலே அடையாளம் தெரியவில்லை. நான் அவளிடமே ஆள் கிளம்பிவிட்டார் என்று சொல்லிவிட்டு உறை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

படியைச் சுற்றிக்கொண்டு போக எனக்குத் தோன்றவே இல்லை. கம்பத்தைப் பிடித்தது தெரியும். அப்புறம் கீழே உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கை இரண்டும் எரிந்தது, சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. உன் அக்கா என்னைப் பார்த்தாள். "வந்துட்டீங்களா?" என்றாள். என் சர்வீஸ் முழுக்க எத்தனையோ புகார் எடுத்திருக்கிறேன், ஆள் போய்ச் சேர்ந்தால் எதிரே இருப்பவர் முகம் எப்படி ஆகும் என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இப்படித்தான் ஆகுமா? இதற்காகத்தான் அவள் அப்படிப் பறந்துகொண்டிருந்தாளா? "கத்தரிக்கோல் கொண்டு வரலயா?" என்றாள். மாடிக்குப் போய் எடுத்துக்கொண்டு மறுபடியும் கம்பத்திலேயே இறங்கினேன். இரண்டாவது தடவை அவசரம் ஒன்றும் இல்லை. சும்மா.

சனிக்கிழமை நான் வரவில்லை, அன்றைக்கு யார் வீட்டிலோ குளியலறை ஜன்னலைச் சரிசெய்ய வேண்டுமாம், ஏணி பிடிக்க ஆள் வேண்டும். மாடியில் குடியிருப்பவர் இருந்துவிட்டுப் போகட்டும், மோட்டாரையும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தட்டும். நாற்காலித் துணி வேண்டாம். நீயும் சீக்கிரம் ஓய்வு பெறப் போகிறாய், நன்றாகப் படுத்துக்கொள்கிற ஆள் எங்களுக்கு ஒருவர் தேவை, ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் பழகுவதற்கு. இதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், போன் அடிக்கிறது, நேரம் இல்லை. காப்பியும் சூடாக இருக்கிறது. நாலாவது வாக்கியம் கற்றுக்கொண்டுவிட்டேன், மாப்பிளே, உன் அக்காதான் சொல்லிக் கொடுத்தாள்: "நானே வருகிறேன்."